கதவுக்கு வெளியே ஹாங்காங்

கட்டிலில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவரைக் கையால் தொட முடிந்தது. ஆறுக்கு எட்டடி அறை. சன்னல் கிடையாது. பாத்ரூமில் வாஷ்பேசினுக்கு நேர் மேலே ஷவர். ஒரு ராத்திரிக்கு 260 ஹாங்காங் டாலர். டாலருக்குச் சுமார் 11 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2,900 ரூபாய். அந்தக் காசுக்கு மதுரையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நல்ல ஏசி ரூம் கிடைத்துவிடும். ஆனால் தாழ்ப்பாள் உள்ள தனி அறை என்று தேடியதில் எனக்குக் கிடைத்த மலிவான இடம் இதுதான். பங்க் பெட் மட்டும் வாடகைக்கு விடுகிற ஹாஸ்டல்களில் இன்னும் குறையும். தனியாகப் போகிறவள், எனக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருந்தது.

ஐந்து நாள் சுற்றியதில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான். ஹாங்காங்கில் விலை இடத்துக்கு. நாலு சுவர் எழுப்பி இது என்னுடையது என்று சொல்லிவிட்டால் அது யானை விலை. பொதுவில் இருக்கிற பஸ், படகு, மலை, கடற்கரை, பூங்கா எல்லாம் மலிவு, பாதிக்கு மேல் இலவசம். அதனால் அறையைத் தூங்க மட்டும் வைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் ராத்திரி பத்துக்குத்தான் திரும்புவது என்று முதல் நாளே முடிவு செய்தேன்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கிளம்பும் முன் ஆன்லைனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. 14 நாள் வரை தங்கலாம். ஏர்போர்ட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறாதீர்கள், ஏ21 பஸ் பிடியுங்கள். மாடியில் உட்கார்ந்து பாலங்களையும் துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டே நாதன் ரோடு வந்து சேரலாம். ரயிலுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது.

நாதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்று 1961-ல் கட்டிய ஒரு பதினேழு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே பணம் மாற்றும் கடை, சமோசா கடை, செல்போன் கடை. மேலே ஐந்து பிளாக்குகளாகப் பிரிந்து குட்டிக் குட்டி லாட்ஜுகள். அங்கே லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து தமிழ் கேட்டது. காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், ரத்தினக்கல் வியாபாரி. அவர் ஊர்க்காரர்கள் நெடுங்காலமாக இந்த வியாபாரத்துக்காக இங்கே வந்து போகிறவர்கள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, "வாசல்ல இருக்கிற கடையில பணம் மாத்தாதீங்கம்மா. உள்ள தள்ளிப் போயி ரெண்டு கடையில ரேட் கேட்டுட்டு மாத்துங்க" என்றார். அப்படியே செய்தேன். மாற்றியது 400 அமெரிக்க டாலர்தான், இரண்டு நேரச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

அப்புறம் ஆக்டோபஸ் கார்டு. ஐம்பது டாலர் முன்பணம், மேலே நாம் போடும் தொகை. ரயில், பஸ், டிராம், படகு, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கார்டுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டார் ஃபெரி. எதிர்க்கரையான கௌலூன் பக்கமிருந்து ஹாங்காங் தீவுக்குப் போகும் படகு. 1888-ல் ஒரு பார்சிக்காரர், தொராப்ஜி நவ்ரோஜி, தொடங்கிய கம்பெனி. நான் போனபோது வார நாளில் மேல்தளம் 5 டாலர், கீழ்த்தளம் 4 டாலர். கீழ்த்தளத்தில் எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் இருக்கும், ஆனால் கடல் கைக்கெட்டும் உயரத்தில் வரும். இருக்கைகள் மரப்பலகை. முதுகு சாய்கிற பலகையைத் தள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாற்றிக்கொள்ளலாம், படகு எந்தத் திசையில் போனாலும் நாம் முன்னே பார்த்து உட்காரலாம். கரை நெருங்கியதும் நீலச் சட்டை போட்ட ஊழியர் படகிலிருந்து கயிற்றை வீசுவார், கரையில் நிற்பவர் நீளக் கம்பு ஒன்றின் கொக்கியால் அதை எட்டிப் பிடித்து இழுத்து முளையில் சுற்றுவார். நாலு சுற்று, ஒரு இழுப்பு, படகு நின்றுவிடும். இதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் நின்றேன். 1966-ல் இந்தப் படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 காசு ஏற்றப் பார்த்தார்கள். ஓர் இளைஞர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், ஊரில் கலவரமே வெடித்தது. அந்த மரப்பலகையில் தினம் இரண்டு தடவை உட்கார்ந்து போனவளுக்கு அந்தக் கோபம் புரிகிறது.

தீவுக்குள் டிராம். 1904-லிருந்து ஓடுகிறது, எவ்வளவு தூரம் போனாலும் 3 டாலர் சொச்சம். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு. மணிச் சத்தத்தை வைத்து 'டிங் டிங்' என்றே கூப்பிடுகிறார்கள். மேல்தட்டில் முதல் சீட் கிடைத்தால் நார்த் பாயிண்ட் வரை இறங்காதீர்கள். கடைசியில் வண்டி சுன் யூங் தெருவுக்குள் திரும்பும். அது ஒரு மார்க்கெட். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் கீரைக்கட்டு, மீன் தொட்டி, ஆரஞ்சுக் குவியல். நடுவே சனம் நடந்துகொண்டிருக்கும். டிரைவர் மணியை இரண்டு தட்டு தட்டினார். தள்ளுவண்டியோடு நின்ற பாட்டி ஒருவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. பேரம் பேசிக்கொண்டே ஒரு எட்டு தள்ளி நின்றார். வண்டி அவர் முழங்கையை உரசாமல் கடந்தது. வண்டி போனதும் அவர் பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

சாப்பாடுதான் எல்லோரும் கேட்பது. நான் சைவம். கான்டனீஸில் 'ஙோ சிக் ஜாய்' என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டுக்கு அங்கே ஜாய் என்று பெயர். ஷாம் ஷுய் போ என்ற பழைய பேட்டைக்குப் போய்விட்டால் காசும் மிச்சம், வயிறும் நிறையும். சியோங் ஃபன் என்று அரிசி மாவை ஆவியில் மெல்லிசாக வேகவைத்துச் சுருட்டித் தருவார்கள். கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, எள் சாந்து, இனிப்புச் சாறு, மிளகாய்ச் சாந்து ஊற்றி, மேலே வறுத்த எள் தூவல். வாயில் போட்டதும் இடியாப்ப மாவின் அதே ஆவி வாசனை. வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் இஞ்சிப் பாகு ஊற்றிய சூடான டோஃபு ஒரு கிண்ணம். இரண்டும் சேர்த்தே 30 டாலருக்குள் முடிந்தது.

அதே பேட்டையில் மேய் ஹோ ஹவுஸ் என்ற கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1953 கிறிஸ்துமஸ் ராத்திரி பக்கத்துக் குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அவர்களுக்காக 1954-ல் அரசாங்கம் கட்டிய முதல் குடியிருப்புகளில் மிஞ்சியது இது. இப்போது மேலே ஹாஸ்டல், கீழே இலவச மியூசியம். அந்தக் கால வீடுகளை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஆள் ஒருவருக்கு 24 சதுர அடி என்று கணக்கிட்டு இடம் ஒதுக்கினார்களாம். குழாயும் கக்கூசும் பொது. அந்த மாதிரி அறைக்குள், கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே வெகுநேரம் நின்றேன். நான் குறைப்பட்டுக்கொண்டிருந்த என் 48 சதுர அடி, அவர்கள் கணக்கில் இரண்டு பேருக்கான இடம். அன்றைக்கு ராத்திரி அந்த அறைக்குள் போகும்போது மனசு வேறு மாதிரி இருந்தது.

ஒருநாள் மதியம் வான் சாயில் இருக்கும் குருத்வாராவுக்குப் போனேன். பிரிட்டிஷ் காலத்தில் போலீஸிலும் ராணுவத்திலும் வேலைக்கு வந்த சீக்கியர்கள் 1901-ல் நிறுவியது. புதுக் கட்டடம் 2022-ல் திறந்திருக்கிறார்கள். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் ரொட்டி, பருப்பு, கீர். யார் என்று யாரும் கேட்கவில்லை. இலவசம்தான், ஆனால் பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்கிற இடமாக அதை நினைக்க வேண்டாம். உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள், பாத்திரம் கழுவுகிற இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். நான் நின்றேன்.

விக்டோரியா பீக் என்ற மலை உச்சிக்கு மூன்றாம் நாள் 15-ம் நம்பர் பஸ்ஸில் போனேன். சுமார் 12 டாலர். மார்ச் மாதம், மேலே போனால் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லுகார்ட் ரோடு என்ற நடைபாதையில் நடந்தேன், அங்கே விழுது விட்டு நிற்கும் ரப்பர் மரத்தை மட்டும் பார்த்தேன். கீழே எங்கேயோ கப்பல் ஊதியது. மலையேறும் பீக் டிராமும் வியூ டெக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பாவமாக இருந்தது. எனக்குப் போனது பஸ் காசு மட்டும்தான். அதனால் மறுநாள் சாயங்காலம் திரும்பவும் போக முடிந்தது. அன்று வானம் தெளிவு. லுகார்ட் ரோட்டின் ஒரு வளைவில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியதிலிருந்து முழு இருட்டு வரை நின்றேன். டிக்கெட் இல்லை, போகச் சொல்ல யாரும் இல்லை.

கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸுக்கு நாலு மணி நேரம் இருந்தது, அறையைக் காலி செய்தாகிவிட்டது. தீவில் சென்ட்ரல் என்கிற வியாபாரப் பகுதிப் பக்கம் போனேன். பெரிய பெரிய வங்கிக் கட்டடங்களுக்கு அடியிலும் மேம்பால நடைபாதைகளிலும் அட்டை விரித்துப் பெண்கள், ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள். முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது சட்டம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அந்த ஒருநாளுக்கு அவர்களுக்கு இருக்கிற இடம் இந்தத் தெருதான். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் ஊருக்கு அனுப்பச் சாமான் கட்டுகிறார்கள்.

பையோடு நின்றிருந்த என்னைப் பார்த்து ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். "அத்தே, உட்காருங்கள்" என்றாள் ஆங்கிலத்தில். அத்தே என்றால் பிலிப்பைன்ஸ்காரர்கள் பாஷையில் அக்கா. என் காதில் அத்தை என்றுதான் விழுந்தது. சோறும் ஏதோ கீரையும் எடுத்து வைத்தாள். கறி கலக்காததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன். எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்டாள். அறையின் அளவைக் கைவிரித்துக் காட்டினேன். அவள் தூங்குவது அந்த வீட்டுக் குழந்தையின் அறையில், மேல் கட்டிலில். "கதவு நீங்களே பூட்டலாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லது என்றாள்.

ஐந்து மணிக்கு நான் எழுந்தேன். அவளும் எழுந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த அட்டையைத் தட்டி, மடித்து, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினாள். நல்ல அட்டையாம், அடுத்த ஞாயிறுக்கும் வரும் என்றாள்.