ஜின் மணம் தேடி கிருஷ்ணகிரி நாட்டு மருந்துக் கடைக்கு

கிராஃப்ட் ஜின்னில், அதாவது சிறிய அளவில் வடிக்கும் ஜின் மதுவில், என்னென்ன வாசனைச் சரக்கு போடுகிறார்கள் என்று ஆராய்பவர்கள் ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு வந்து ஒரு நாட்டு மருந்துக் கடையில் நிற்க வேண்டும். முதல்நாள் ராத்திரி பெங்களூரில் நண்பர் வீட்டில் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ், ஹாபுசா, ஜெய்சால்மர் என்ற மூன்று இந்திய ஜின்களையும் ஐஸ் போடாமல், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு ருசி பார்த்தோம். சாராயத்தின் எரிச்சல் தணிந்தால்தான் மணம் பிரிந்து தெரியும். வெளிமாநில பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது என்பதால் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி வழியாக வந்து சேர்ந்தேன்.

கடைக்காரரிடம் மல்லி விதை, ஜாதிபத்திரி, ஜாதிக்காய், அதிமதுரம், வால்மிளகு, வெட்டிவேர் என்று அடுக்கினேன். "என்னப்பா, கஷாயத்துக்கா, தைலத்துக்கா? ஒண்ணோட ஒண்ணு சேரலையே" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது, மல்லியை உள்ளங்கையில் வைத்து நசுக்கி "மோந்து பாரு" என்று நீட்டினார். நாம் வறுத்து அரைத்தே பழகியதால் பச்சை மல்லி விதையின் மணத்தைக் கவனிப்பதே இல்லை. அதில் பூவும் எலுமிச்சைத் தோலும் கலந்த ஒரு வாசம் இருக்கிறது, லினலூல் என்ற பொருள்தான் காரணம். ஏறக்குறைய எல்லா ஜின்னிலும், அதற்கு அடிப்படை மணம் தரும் ஜூனிபர் காய்க்கு அடுத்த இடம் மல்லிக்குத்தான். முதல்நாள் ராத்திரி எலுமிச்சை என்று நான் எழுதி வைத்ததில் பாதி இந்த மல்லியாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் வால்மிளகு. கடித்தால் கற்பூரம் மாதிரி குளிர்ச்சி, பின்னால் லேசான கசப்பு. ஜெய்சால்மரில் கடைசியாக நாக்கில் நின்றது இதுதான், கூடவே வெட்டிவேர். ஜாதிபத்திரியை மோந்ததும் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் அப்படியே திரும்பி வந்தது. மூன்றில் எனக்குப் பிடித்ததும் அதுதான், மிளகும் ஆரஞ்சுத் தோலும் அடித்துக்கொள்ளாமல் நடுவில் ஜாதிபத்திரி சேர்த்து வைக்கிறது. மிளகு என்றதும் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம். வடிக்கும்போது ஆவியோடு ஏறி வருவது மணம் மட்டும்தான், காரம் கொப்பரையிலேயே தங்கிவிடும்.

ஹாபுசாவில் மாங்காய் சேர்க்கிறார்கள் என்பதால் அதன்மேல் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு, கிருஷ்ணகிரிக்காரன் வேறு எப்படி இருப்பான்! ஜூன் மாதம் என்பதால் சாலையோரமெல்லாம் மாங்காய், கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் போய்க்கொண்டிருந்தது. கிளிமூக்கு மாங்காய் ஒரு கீற்று வாங்கி உப்பு மிளகாய்த்தூள் இல்லாமல் கடித்துப் பார்த்தேன். சர்க்கரையும் புளிப்பும் ஆவியாகாதவை, அதனால் அவை ஜின்னுக்குள் வரவே வராது, தோலைக் கீறும்போது எழும் அந்தப் பிசின் வாசத்தைத்தான் தேட வேண்டும். அது ஹாபுசாவில் மெல்லிசாக இருக்கிறது, ஆனால் இமயமலை ஜூனிபரின் மர வாசமும் மஞ்சளின் மண் வாசமும் முந்திக்கொள்கின்றன.

வருவதென்றால் மே முதல் ஜூலைக்குள் வாருங்கள், மாங்காய் கிடைக்கும். சரக்கைப் பத்து, இருபது கிராமாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஊருக்குப் போய் கிளாஸ் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்கி மோந்துகொண்டே குடித்துப் பாருங்கள், ஹாபுசாவுக்கு மட்டும் டோனிக் வேண்டாம், அதிலுள்ள குயினைன் கசப்பு மஞ்சளையும் ஏலக்காயையும் அமுக்கிவிடும், சோடாவே போதும்.