3.80 வெள்ளியில் ஒரு பாடம்

மேக்ரோ (பேரியல் பொருளியல்) பாடத்தில் பிள்ளைகள் மிரளும் இடம் மும்முனைச் சிக்கல். நிலையான நாணய விகிதம், பணம் தடையின்றி எல்லை தாண்டும் வசதி, வட்டியைச் சொந்தமாகத் தீர்மானிக்கும் உரிமை: மூன்றில் இரண்டுதான் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும். மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். ‘ஏன் மூன்றும் கூடாது?’ என்றால் முழிப்பார்கள்.

பாடப்புத்தகங்கள் இதை விளக்கும் முண்டெல்-ஃபிளெமிங் வரைபடத்தின் கோடுகளில் தொடங்கும். நான் கோடுகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். மலேசியாவின் பினாங்கில் இருந்துகொண்டு, லெபோ பாசார் பக்கம் நாணய மாற்றுக் கடைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கோடு எதற்கு? “ஒரு டாலர் 3.80 வெள்ளி (ரிங்கிட்) என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஊரே டாலர் கேட்டு நிற்கிறது. யார் கொடுப்பது?” கடைக்காரர் என்பார்கள். அவருக்கு யார் கொடுப்பது என்று துருவினால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் டாலர் கையிருப்புக்கு வந்து சேர்வார்கள். அது தீர்ந்தால்? வகுப்பு அங்கேதான் விழிக்கும்.

அப்புறம் 1998. 1997 ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் 2.50 வெள்ளி பக்கம் இருந்த டாலர் அந்த ஜனவரியில் 4.88 வரை போனது. வெள்ளியைத் தாங்க வட்டியை ஏற்றினால் கடன் வாங்கிய நிறுவனங்கள் படுத்துவிடும். இறக்கினால் பணம் வெளியே ஓடும். செப்டம்பர் 1-ல் கதவைச் சாத்தினார்கள். வெளிநாட்டவர் இங்கே பங்கு விற்ற பணம் 12 மாதம் வெளியே போகக் கூடாது. மறுநாள் 3.80. ஓட வழியில்லாத பணத்தை வைத்துக்கொண்டு வட்டியை இறக்க முடிந்தது. 2005 ஜூலை 21 வரை அந்த விகிதம் நின்றது.

வீட்டில் விசாரித்து வரச் சொல்வேன். ஒரு மாணவி பாட்டியின் அலமாரியில் கிடந்த 1000 வெள்ளித் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தாள். “இது செல்லுமா டாக்டர்?” 500, 1000 தாள்கள் 1999 ஜூலையிலிருந்து செல்லாது. பெரிய தாள் என்றால் பையில் போட்டு எல்லை தாண்டுவது சுலபம், அதனால்தான் என்றேன். மூலதனக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அதன்பிறகு விளக்கமே தேவைப்படவில்லை.

ஹாங்காங்கைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். 1983 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்று கட்டிவைத்து, கதவையும் திறந்துவைத்திருக்கிறார்கள்; அமெரிக்கா 2022-ல் வட்டியை ஏற்றியபோது தாங்களும் ஏற்றியாக வேண்டியிருந்தது.

“அப்போ நம்ம நாடு செய்தது சரியா?” என்று யாராவது கேட்பார்கள். பொருளியலாளர்களே இதில் பிரிந்து கிடக்கிறார்கள். அதையே கட்டுரையாகக் கொடுத்துவிடுவேன். எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் உண்டு. ஆனால் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் வாங்கி, இப்படிக் கதவைச் சாத்தாமலே மீண்ட தென்கொரியாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் வெட்டிவிடுவேன்.