ஜன்னலில் காய்ந்த வட்டங்கள்

இன்று காலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த உறையை எடுத்துப் பார்த்தபோது, மூன்று வாரங்களுக்கு முன் மஞ்சளேறிக் கிடந்த ஒட்டுப்படத் தாள் வெளுத்திருந்தது.

சிறுவயதில் நான் கட்டிய அதே ஸ்பிட்ஃபயர் என்னும், இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் பழைய பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியில் இருந்த தாள் அது.

பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. சிவப்பு நடுவும் நீல விளிம்பும் கொண்ட, இறக்கையில் ஒட்டும் விமானப்படை அடையாள வட்டங்களைத் தாங்கிய மெல்லிய படலத்துக்குத்தான் வயதாகிவிட்டது. அத்தகைய தாளை உறையிலிட்டு வெயில் படும் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் மஞ்சள் குறையும் என்பது மாதிரி கட்டுவோர் நெடுநாளாகக் கையாளும் வழி.

1/72 அளவில் ஆறு அடி ஓர் அங்குலமாகிறது. 36 அடி 10 அங்குலம் விரிந்த இறக்கைகள் ஆறு அங்குலத்துக்குச் சற்றே மிகுந்து என் கைக்குள் வந்துவிடுகின்றன. அந்த நீள்வட்ட இறக்கையின் அழகு அன்று எனக்குத் தெரியவில்லை. அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல், 1936 மார்ச் 5 அன்று அது முதன்முதலாகப் பறந்ததைக் கண்டவர், விமானப்படை அணிகளுக்கு அது போய்ச் சேரும் முன்பே, 1937இல் மறைந்தார் என்பதும் தெரியாது. விரைவாக முடித்துக் கையில் பிடித்துப் பறக்கவிட வேண்டும் என்பது மட்டுமே அன்றைய ஆசை. அந்த அவசரத்தில் விமானியின் கண்ணாடிக் கூண்டில் பசை படிந்த என் விரல் ரேகை பதிந்துபோனது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொடியிலிருந்து துணிக் கிளிப்புகளை எடுத்துவந்து, ஒட்டிய இறக்கைகளைக் கவ்வவைத்து, காயும்வரை அருகில் அமர்ந்திருந்தார்.

இன்று மாலை முதல் வட்டத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்தேன். அரை நிமிடத்தில் அது தாளை விட்டு நழுவி, கிழியாமல், இடது இறக்கையில் அமர்ந்தது.