போகமாட்டேன் என்றவர்

முதல் பிரசவத்தின்போது பெரும்பாலான நேரம் நான் தனியாகவே கிடந்தேன். கணவரை உள்ளே விடவில்லை. பணிநேரம் மாறமாற வெவ்வேறு முகங்கள் வந்து பரிசோதித்துவிட்டுச் சென்றன. குழந்தை நலமாகப் பிறந்தும் அந்தத் தனிமை என்னைவிட்டு நீங்கவில்லை. ஆகவே இரண்டாம் முறை கருவுற்றபோது, பிரசவ அறைக்குள் துணையை அனுமதிக்கும் மருத்துவச்சிக் குழுவைத் தேடிச் சேர்ந்தேன். 30ஆம் வாரத்தில் டூலா ஒருவரையும், அதாவது பிரசவத்தின்போது உடனிருந்து ஆதரவு தரும் துணையாளர் ஒருவரையும், அமர்த்திக்கொண்டோம்.

இருவரின் பணியும் ஒன்றே என்று அதுவரை எண்ணியிருந்தேன். மருத்துவச்சி முறைப்படி பயின்றவர். குழந்தையின் இதயத்துடிப்பையும் கர்ப்பப்பை வாய் விரிவதையும் கண்காணித்துப் பிரசவம் பார்ப்பதும், சிக்கல் தெரிந்தால் மருத்துவரை அழைப்பதும் அவர் பொறுப்பு. டூலாவோ முதல் சந்திப்பிலேயே, "நான் பரிசோதனை செய்யமாட்டேன், மருந்து தரமாட்டேன், உங்களுக்காக முடிவெடுக்கவும் மாட்டேன், ஆனால் குழந்தை பிறக்கும்வரை உங்களை விட்டுப் போகமாட்டேன்" என்றார். 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை, இத்தகைய இடைவிடாத துணை இருந்தால் சிசேரியன் குறையக்கூடும், வலி நேரமும் சற்றுச் சுருங்கக்கூடும் என்கிறது. ஆனால் எனக்கு நம்பிக்கை தந்தது டூலாவின் அந்த ஒரு வாக்கியந்தான்.

குழந்தையின் பின்தலை என் முதுகெலும்பை நோக்கி இருந்ததால், வலி முழுவதும் இடுப்பின் பின்புறமே இறங்கியது. கட்டிலில் மல்லாந்து படுக்க முடியவில்லை. டூலா என்னை முழங்காலிட்டு முன்பக்கம் சாயச் செய்து, ஒவ்வொரு வலியும் தொடங்கும் கணத்திலிருந்து அடங்கும்வரை உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பெலும்பின் நடுவே அழுத்துமாறு என் கணவருக்குக் காட்டிக்கொடுத்தார். வலி குறைந்ததென்று சொல்லமாட்டேன்; தாங்கக்கூடியதாயிற்று. முன்னேற்றம் நின்றபோது மருத்துவச்சி, பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தைச் செலுத்தலாம் என்றார். டூலா எந்தப் பக்கமும் பேசாமல், "யோசிக்கச் சிறிது நேரம் வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பத்து நிமிடங்களில் நானே கேள்விகள் கேட்டு, நானே சம்மதித்தேன்.

விடியும்முன் மகள் பிறந்தாள். உடனே அவளை என் மார்பின்மேல் கிடத்தினார்கள். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து வெட்டினார்கள். முதல் மணி நேரத்துக்குள் அவள் சீம்பால் குடித்தாள்.

உண்மையில் மருத்துவச்சி, டூலா இருவரின் துணையும் எனக்கு மிகவும் தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு, அது இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கோ மூன்றாம் வாரத்திலும் அடங்கவில்லை. குழந்தை உறங்கும்போதும் எனக்கு உறக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்த டூலா, நல்ல குழந்தை பிறந்திருக்கும்போது ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கவில்லை. நான் சொன்னதை இறுதிவரை கேட்டுவிட்டு, என் அனுமதியுடன் மருத்துவச்சியிடம் தெரிவித்தார். மருத்துவச்சி பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாளை நிரப்பச் சொல்லி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்வியை நேரிலும் நிதானமாகக் கேட்டபின், மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்த ஆலோசனைகள் நான்கு மாதங்கள் தொடர்ந்தன. முதல் இரண்டு முறையும், நான் பேசி முடித்து வரும்வரை டூலா வெளியறையில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.