நீலக்கோட்டுக்கு அப்பால்: ஓர் ஓடையும் அதன் நிலமும்

இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்துவைத்து, "இந்த ஓடைக்கு மழை கொடுக்கும் நிலம் எவ்வளவு?" என்று புவியியல் ஆசிரியர் கேட்பார். ஓடையைக் காட்டும் நீலக்கோட்டின் நீளத்தை அளந்து சொன்னவர்களைத் திரும்ப உட்காரவைப்பார். அந்த வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அடுத்த மணித்தியாலம் நினைவிருக்கும்: கூர் சீவிய பென்சில், மெல்லிய தடந்தாள், அழிறப்பர்.

மழைநீர் வடிந்து ஓடைக்கு வந்து சேரும் அந்த நிலமே நீரேந்து பிரதேசம். அதன் எல்லையை, நீர் வெளியேறும் வெளிவாயிலில் தொடங்க வேண்டும். ஓடை ஆற்றில் சேரும் இடமாகவோ, நாம் அளக்க நினைக்கும் பாலமாகவோ அது இருக்கலாம். அங்கிருந்து இரு பக்கமும் மேடேறி, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடுகளைச் செங்கோணத்தில் வெட்டியபடி, மழைநீரை இரு பக்கமும் பிரித்துவிடும் நீர்பிரிமேட்டின் வழியே போனால், இரண்டு கோடுகளும் ஓடையின் தலைக்கு மேலே சந்திக்கும். வெளிவாயில் தவிர வேறெங்காவது எல்லை ஓடையை வெட்டினால் வேலை பிழை. பிழை பெரும்பாலும் ஓரிடத்தில்தான் பிறக்கும்: பள்ளத்தையும் நீண்டு இறங்கும் மேட்டையும் மாறி எடுப்பது. இரண்டிலும் கோடுகள் 'வி' வடிவில் வளைகின்றன. முனை உயர்ந்த பக்கம் பார்த்தால் பள்ளம், தாழ்ந்த பக்கம் பார்த்தால் மேடு. உயர எண்ணை வாசிக்காதவர்கள் பக்கத்து ஓடையின் சரிவையும் சேர்த்து வரைந்துவிடுவார்கள்.

பரப்பை அறிய வரைபுத்தாள் போதும். 1:50,000 படத்தில் 2 மில்லிமீற்றர் சதுரம் தரையில் 100 மீற்றருக்கு 100 மீற்றர், அதாவது சரியாக ஒரு ஹெக்டேயர். விளிம்பில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பதை ஒன்றாக எண்ணி, மற்றதை விட்டுவிடலாம். 300 சதுரம் வந்தால் 3 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 30,000 கன மீற்றர்! அதில் எவ்வளவு ஓடைக்கு வரும் என்பது மண், சரிவு, மரஞ்செடி, முந்திய நாட்களின் மழை ஆகியவற்றைப் பொறுத்தது. வட்டமான பிரதேசத்தில் கிளைகளின் நீர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் வெள்ளம் சட்டென உயரும். நீண்டு ஒடுங்கியதில் உச்சம் தணிந்து, நெடுநேரம் ஓடும்.

கிளைகளுக்கு வரிசை எண் இட, 1952இல் அமெரிக்கப் புவியியலாளர் ஸ்ட்ராலர் தந்த முறையே இலகு. வேறு கிளை எதுவும் வந்து சேராத ஓடை முதலாம் வரிசை. இரண்டு முதலாம் வரிசைகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை. இரண்டாவதுடன் முதலாவது சேர்ந்தால் எண் மாறாது.

ஓடும் நீரை அளக்க நேரான 10 மீற்றர் துண்டு தேவை. பாதி நீர் நிரப்பி மூடிய சிறு போத்தலை நடுவே விட வேண்டும். காய்ந்த இலையைக் காற்று தள்ளிவிடும். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுத்ததில் 25 செக்கன் என்றால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். அடியிலும் கரையிலும் நீர் உராய்ந்து மெதுவாவதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். கல் நிறைந்த ஆழமற்ற ஓடைக்கு இன்னும் குறைத்தே எடுக்க வேண்டும். அகலம் 2 மீற்றர், சராசரி ஆழம் 0.3 மீற்றர் எனில் செக்கனுக்கு ஏறக்குறைய 204 லீற்றர். ஆழத்தை நடுவில் மட்டும் அளந்தால் விடை பெரிதாகிவிடும். அரை மீற்றருக்கு ஒருமுறை அளப்பது நல்லது.

படத்துக்குத் தெரியாதவையும் உண்டு. வீதியோர வடிகால் ஒரு சரிவின் நீரை அப்படியே அடுத்த ஓடைக்குத் திருப்பிவிடும். சுண்ணக்கல் நிலத்தில் நிலத்தடி நீர் மேட்டின் எல்லையை மதிக்காமல் அப்பால் போகும். ஆகவே மழை பெய்யும்போது எல்லையோரம் நடந்து, ஒவ்வொரு மதகிலும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று அம்புக்குறி இட்ட பிறகே பென்சில் கோட்டுக்கு மை போட வேண்டும்.