ஏழு கோயில் பார்க்கப் போய்

புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் இரவு ஏழு கோயில் ஏறி இறங்கினால்தான் அத்தைக்குத் தவக்காலம் முடிந்ததாகக் கணக்கு. மூட்டுவலி வந்தபோது ஏழு ஐந்தானது. இதய அறுவைக்குப் பிறகு மூன்றானது. "மூன்றானாலும் முறையாகப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, 2024 மார்ச் 28 அன்று மாலையே கைப்பையில் மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், கறுத்துப்போன மணிகளுள்ள செபமாலை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டார். துணைக்கு நானும் பன்னிரண்டு வயது மகளும்.

முதலில் எங்கள் பங்குக் கோயிலில் திருப்பலி, அதாவது பூசை. அதை மூன்றில் ஒன்றாகச் சேர்க்கக் கூடாதாம். அது கடமை, இது யாத்திரை என்றார் அத்தை.

இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நினைக்கும் பாதம் கழுவும் சடங்கு வந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் ஐந்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அனுமதித்த மாற்றம் இது. அதற்கு முன் சட்டப்படி ஆண்கள் மட்டும்தான். கடைசி நாற்காலியில் கோயிலைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. பங்குத்தந்தை தரையில் மண்டியிட்டு, எனாமல் தட்டை நகர்த்தி, அந்த அக்காவின் காலை எடுக்கப் போனார். அவர் சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் சாமி" என்றது முதல் வரிசை வரை கேட்டது. சாமி ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டியபடியே காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் வெளியே வந்தது. குதிகால் முழுக்க வெடிப்பு, விரலில் தேய்ந்த மெட்டி. தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மகள். அவள் பீடச் சிறுமி. பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவலாம் என்று ரோம் சொன்னது 1994இல்தான். எனக்கு அவள் வயது இருந்தபோது பீடத்தைப் பெருக்கலாம், பூ வைக்கலாம், பூசை நேரத்தில் மட்டும் ஏறக் கூடாது.

"எங்கள் காலத்தில் அந்தப் பன்னிரண்டு பேரைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்" என்றார் அத்தை, ஆட்டோவில் ஏறியதும். அதற்கு மேல் பேசவில்லை. அவர் வாழ்க்கைப்பட்டது செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். ஊர்ப் பெயர் இங்கே எதற்கு.

சாந்தோம் வந்து இறங்கியபோது கடற்காற்று சுகமாக வீசியது. வெள்ளைக் கோபுரம் விளக்கொளியில் நின்றது. 1896இல் கட்டி முடித்த பேராலயம் இது. போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய கோயில் இருந்த அதே இடத்தில், புனித தோமையாரின் கல்லறைக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் இங்கே தங்கி, மயிலை மாதாவின் முன் ஜெபித்தார். அந்தச் சுரூபத்தின் முன்னால் அன்றும் மெழுகுவர்த்திகள் நெருக்கியடித்து எரிந்தன. பெரிய வியாழன் இரவில் கூட்டம் வருவது வேறொன்றுக்காக. திருப்பலி முடிந்ததும், இயேசுவின் உடலாக வணங்கும் அப்பமான நற்கருணையை நடுப்பீடத்திலிருந்து எடுத்து ஒரு பக்கப் பீடத்தில் வைப்பார்கள். நடுப்பீடத்தின் துணியைக்கூட உருவிவிடுவார்கள். இயேசு பிடிபட்ட இரவில் கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் தூங்கிப்போனார்களே, அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல நாம் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும்.

அத்தை பிறந்து வளர்ந்தது சாந்தோமுக்கு அடுத்த தெருவில். படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, என் மகளிடம் தன் முதல் பெரிய வியாழன் நினைவைச் சொன்னார். அது காலை நேரமாம். மகள் நம்பவில்லை. இயேசுவின் கடைசி இராவுணவை நினைக்கும் பூசை எப்படிக் காலையில் நடக்கும்? நியாயமான கேள்வி, ஆனாலும் அத்தை சொன்னது உண்மை. நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் திருப்பலி காலையில்தான் நடந்துகொண்டிருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைத் திருத்தி, 1956 முதல் அதை மாலைக்கு மாற்றினார். சாந்தோம், ரோம் தரும் சிறப்புத் தகுதியான பசிலிக்கா ஆனதும் அதே 1956இல். அத்தைக்கு அப்போது எட்டு வயது. நற்கருணை வாங்குகிறவர்கள் முந்தைய நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற விதியும் அந்த ஆண்டுகளில்தான் தளர்ந்தது. பாட்டி மட்டும் சாகும்வரை தளரவிடவில்லை. "ரோமில் இருப்பவருக்கு வயதாகிவிட்டது, அதனால் இளக்குகிறார்" என்பாராம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய புயல். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகெங்குமுள்ள ஆயர்கள் ரோமில் கூடிய சபை, அரிய பல விஷயங்களைப் பேசியது. எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தது இரண்டே இரண்டு. சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பினார். பூசை தமிழில் வந்தது.

அதுவரை பீடத்தில் லத்தீன் நடந்துகொண்டிருக்க, கீழே மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள், மறுபடி மணிகளை உருட்டுவார்கள். "பூசை கண்டாயிற்றா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்பார்கள். காண்பது என்பதுதான் வினை. சங்கத்துக்குப் பிறகு பூசை திருப்பலியாயிற்று, காண்பது பங்கேற்பதாயிற்று. லத்தீன் போய்த் தமிழ் வந்ததைவிட இந்த ஒரு வினைச்சொல் மாறியதுதான் பெரிய சீர்திருத்தம் என்று எனக்குப் படுகிறது. பார்வையாளராக வைத்திருந்தவர்களைப் பங்காளிகள் ஆக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், யார் யாருக்குப் பங்கு என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும்தானே.

"தோமினுஸ் வோபிஸ்கும்" என்று பழைய லத்தீன் பூசையில் சாமியார் சொல்லும் வாழ்த்தை அத்தை திடீரென்று ராகமாகச் சொல்ல, படியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று முடித்துவைத்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

உள்ளே இயேசு தாமரை மேல் நிற்க, இருபுறமும் மயில்கள். மயிலாப்பூர் என்பதால் மயில். இன்று யாருக்கும் உறுத்தாத காட்சி. ஆனால் 1969இல் இந்திய வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களை ரோம் அனுமதித்தபோது நடந்த சண்டையை அத்தை சொல்லிக் கேட்க வேண்டும். தரையில் அமரலாம், கைகூப்பி வணங்கலாம், ஆரத்தி எடுக்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. எங்கள் தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, குத்துவிளக்கைக் கோயிலுக்குள் கொண்டுவந்தால் தான் வெளியே போய்விடுவேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தவர். அவர் மனைவி கழுத்தில் மஞ்சள் கயிற்றில் சிலுவை பொறித்த தாலி. அவர் ஊர்த் திருவிழாவில் தேர் இழுப்பார்கள், கொடியேற்றுவார்கள், சப்பரத்துக்கு முன்னால் மேளம் போகும். அதெல்லாம் அவருக்கு வேதம், குத்துவிளக்கு மட்டும் அஞ்ஞானம். மாற்றத்தை அவர் வெறுத்தார் என்று சொல்ல முடியாது. தன் பாட்டன் காலத்திலேயே மாறிவிட்டதை மாற்றம் என்று அவர் அறியவில்லை, அவ்வளவுதான். இப்போது உச்சியில் சிலுவை வைத்த பித்தளை விளக்கு இல்லாத கோயில் சென்னையில் அபூர்வம்.

அடுத்தது லஸ். பிரகாச மாதா கோயில் என்பது ஏட்டில். அத்தைக்கு அது காட்டுக் கோயில். 1516 என்று கல்வெட்டு சொல்லும் அந்தச் சின்னக் கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் காடு இருந்தது. இன்று கடைகளும் வாகனங்களும் இருக்கின்றன, பெயர் மட்டும் காட்டை விடவில்லை. அங்கே நாங்கள் அதிகம் பேசவில்லை. மகள் தூங்கி விழுந்தாள். "சீடர்கள் பரம்பரை" என்றார் அத்தை.

லஸ்ஸிலிருந்து பாரிமுனைக்கு ஆட்டோ. இருநூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில் ஒரு பேரம். அந்தப் பாதையில் போவது ஒரு காலத்தில் எல்லை தாண்டுவது மாதிரி. 1952 வரை இந்த நகரத்தில் இரண்டு கத்தோலிக்க அதிகாரங்கள் இருந்தன. மயிலை மறைமாவட்டம் போர்ச்சுக்கல் அரசின் ஆதரவில் வளர்ந்தது. சென்னை மறைமாவட்டம் ரோமின் மறைபரப்புப் பேராயத்தின் கீழ் இருந்தது. ஒரே திருத்தந்தை, ஒரே பூசை, ஆனாலும் பல தலைமுறைகளுக்கு இழுபறி. சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டையும் இணைத்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆக்கினார்கள். முதல் பேராயர் லூயி மத்தியாஸ். அவருக்குப் பிறகு 1966இல் வந்த பேராயர் அருளப்பா தமிழில் புலமை உள்ளவர், கோயிலுக்குள் தமிழ் காலூன்றிய வருடங்களில் அப்படி ஒருவர் அமைந்தது நல்வாய்ப்பு.

ஆட்டோ அண்ணா சாலையில் போகும்போது அத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மாமாவின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருந்ததாம். இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் இன்னொரு தெரு. "சாதி" என்ற சொல் அத்தையின் வாயில் வரவில்லை, "வழக்கம்" என்றார். தமிழ்ப் பூசை வந்து, பீடம் திரும்பி, பீடத்தையும் மக்களையும் பிரித்த கிராதியை எடுத்த பிறகும் அந்தச் சுவர் நின்றது. கோயிலில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கும்போது பெண், மாப்பிள்ளை பெயரைவிட எந்தத் தெரு என்பதைத்தான் ஊர் காதுகொடுத்துக் கேட்கும். ரோமுக்கு அந்தச் சுவர் தெரியாது. சாமியாருக்குத் தெரியும்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. ஆண்டுதோறும், அந்த ஆணை வந்த ஆகஸ்டு 10 அன்று கறுப்புக் கொடி காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். ஆனால் அரசிடம் கேட்கும் அதே நியாயத்தைக் கல்லறைச் சுவரிடமும் கேட்டிருக்க வேண்டாமா? 2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். சங்கம் முடிந்து ஐம்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு. பூசையின் மொழியை மாற்ற அத்தனை நாள் ஆகவில்லை.

"நல்லவேளை, மாமாவை இங்கே கீழ்ப்பாக்கத்தில் வைத்தோம்" என்றார் அத்தை. அங்கே சுவர் இல்லை, இடமும் இல்லை. மாமாவின் பெற்றோர் இருந்த குழியையே திறந்துதான் அவரை இறக்கினோம். 1963இலேயே தகனத்துக்குத் திருச்சபை சம்மதம் தந்துவிட்டது என்று நான் ஒருமுறை சொல்லப்போய், இரண்டு நாள் என்னோடு அத்தை பேசவில்லை.

அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியர்கள் தெரு என்பது தமிழ் வாயில் புகுந்து இப்படி அரண்மனை ஆனது. கப்புச்சின் துறவிகள் 1658இல் தொடங்கிய மரியன்னை இணைப் பேராலயம், கோடி அற்புதர் புனித அந்தோணியாரால்தான் நகரம் முழுக்கப் பிரசித்தம். செவ்வாய்க்கிழமைகளில் தெருவில் நடக்க இடம் இருக்காது. நெற்றியில் குங்குமமும் திருநீறுமாக வருகிறவர்கள் ஏராளம். பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று சங்கம் 1965இல் ஏடு எழுதியது. அந்தோணியார் வாசலில் எழுத்துக்குக் காத்திருந்தவர் யாரும் இல்லை.

நற்கருணைக்கு முன்னால் நானும் மகளும் மண்டியிட்டோம். அத்தைக்கு மட்டும் நாற்காலி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செபமாலையைத் தொடங்கினார். மகளும் கூடவே தொடங்கினாள்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றது ஒரு குரல். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்றது இன்னொன்று. கர்த்தர், ஆண்டவர். ஸ்திரிகளுக்குள், பெண்களுள். சேசு, இயேசு. அர்ச்சியசிஷ்ட, தூய. சர்வேசுரனுடைய மாதாவே என்று அத்தை இழுக்கும்போது மகள் இறைவனின் தாயைத் தாண்டிப் போய்விட்டாள். இறப்பின் வேளைக்கு அவள் வந்து சேர்ந்தபோது அத்தை இன்னும் பாவிகளாயிருக்கிற எங்களிடமே நின்றார். மகள் வாயை மூடிக் காத்திருந்தாள். மரண நேரம் வந்ததும் ஆமென் மட்டும் சேர்ந்து வந்தது. செபமாலையின் பத்து மணிகளும் இப்படியே.

"பிரியதத்தம் என்றால் என்ன பாட்டி?"

"எனக்கு எப்படித் தெரியும்? சொல்லத்தான் தெரியும்."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மணி பதினொன்று. நான் ஆட்டோக்காரரிடம் வீட்டு முகவரியைச் சொல்லத் தொடங்கினேன். அத்தை குறுக்கிட்டு, "எழும்பூர் திருஇருதயக் கோயில் வழியில்தானே இருக்கிறது?" என்றார்.

அது வழியில் இல்லை. போனோம்.