ஓடுகிற லைனில் கிளை எடுத்தோம்

இராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மாத்திரை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஏ.சி. பராமரிப்பு எங்கள் பொறுப்பு. போன கோடையில் பேக்கிங்குக்கென்று புதிதாக ஒரு ஹால் கட்டினார்கள். அதற்குத் தனியாக ஒரு ஏ.எச்.யு., அதாவது காற்றைப் பதப்படுத்தி ஹாலுக்குள் தள்ளும் யூனிட் வைக்க வேண்டும். காற்றைக் குளிர்விக்க சில்டு வாட்டர், அதாவது குளிரூட்டிய தண்ணீர் வேண்டும். குளிர்ந்து ஈரம் வடிந்த காற்றைத் திரும்ப அளவோடு சூடாக்கச் சுடுதண்ணீரும் வேண்டும். இரண்டையும் பிளான்ட் ரூமிலிருந்து கிளம்பும் பழைய ஹெடர்களில்தான், அதாவது பெரிய மெயின் பைப்புகளில்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஹெடர்களை நிறுத்த வழியே இல்லை.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே வடார்க்காடாக இருந்த காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக் கத்திரி பேர்போனது. அந்த நேரத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை நிறுத்தினால் ஸ்டோரில் இருக்கும் மருந்து 25 டிகிரியைத் தாண்டிவிடும். ஈரம் ஏறினால் அழுத்தி வார்த்து வைத்த மாத்திரை அதை இழுத்துக்கொள்ளும். இது ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டுக் காலையில் மோட்டாரைப் போடும் வேலையும் இல்லை. லைன் முழுக்க வடிக்க வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், திரும்ப நிரப்ப வேண்டும், மாடி மாடியாகப் போய் ஏர் வென்ட்டைத் திறந்து காற்றை எடுக்க வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்து வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரும் மொத்தமாகச் சாக்கடைக்குப் போய்விடும். அதனால் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே துளை போட்டுக் கிளை எடுப்பது என்று முடிவானது. ஹாட் டேப்பிங் என்பார்கள். பைப்பில் கிளையைப் பொருத்தி, அதில் வால்வு மாட்டி, திறந்த வால்வு வழியாகவே மெஷினின் கட்டரை விட்டுத் துளை போட்டு, கட்டரைப் பின்னுக்கு இழுத்ததும் வால்வை மூடிவிடுவது. குளிர்ந்த லைனில் செய்தாலும் அதே பெயர்தான்.

துளை போடுவதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தோம். ஹெடரின் கடைசியில் ஒரு பிளைண்டு ஃபிளாஞ்ச், அதாவது பைப்பின் வாயை அடைக்கும் போல்ட் மூடி இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வால்வு இல்லை, கழற்றினால் மொத்தத் தண்ணீரும் வெளியேதான். பைப்பைச் சுற்றி ஜாக்கெட் கட்டி, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை விட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரையே பனிக்கட்டி அடைப்பாக்கும் முறை ஒன்று உண்டு. நல்ல முறைதான். ஆனால் அந்தப் பகுதியில் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் கட்டி பிடிக்காது. எங்களுக்கு ஹெடரிலேயே ஓட்டம் நிற்கக் கூடாது என்பதால் அதுவும் கைவிட்டுப் போனது.

மெஷின் வாடகைக்குச் சென்னையில் கிடைக்கும், ஆளும் கூடவே வருவார். பலரும் மெஷினைப் பேசி முடித்துவிட்டுத்தான் பைப்பைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பைப்பைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். துளை போடுகிற வேலை சில மணி நேரம்தான். அந்த இடத்தில் இரும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் மொத்த வேலையும் நிற்கிறது.

வரைபடத்தில் குறித்துக் கொடுத்த இடத்தில் அலுமினியத் தகட்டை எடுத்து இன்சுலேஷனைப் பிரித்தோம். பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஏணி சாய்த்ததில் தகடு நசுங்கி, ஜாயின்ட் விரிந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகக் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய், 7 டிகிரி இரும்பைத் தொட்டதும் தண்ணீராகி, அங்கேயே ஊறிக் கிடந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே இன்சுலேஷன் பிழிந்தால் சொட்டியது, பைப் மேல் துரு அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. சுரண்டிவிட்டு, இரும்பின் கனம் காட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் 3.2 மில்லிமீட்டர். நாங்கள் எடுக்கவிருந்த கிளை உட்கார வேண்டிய இடம் அதுதான்.

அது 150 மி.மீ. ஹெடர். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தில் மீடியம் கிளாஸ் பைப் என்றால் புதிதிலேயே 4.8 மி.மீ. கனம்தான் இருக்கும். 3.2 இருக்கும் இடத்தில் மெஷினைத் தொங்கவிட்டுத் துளை போடச் சொன்னால் நான் அந்த அறையிலேயே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புராஜெக்ட் பக்கத்து ஆட்களுக்கு வருத்தம்தான், அவர்களுடைய டிராயிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மீட்டர் தள்ளி, தகடு நசுங்காத இடமாகப் பார்த்துப் பிரித்தோம். பைப்பைச் சுற்றி வரிசையாகச் சாக்பீஸில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தோம். எங்கேயும் 4.5க்குக் கீழே இறங்கவில்லை. பழைய இடத்தில் துருவை எடுத்து, எபாக்ஸி அடித்து, ஒரு ரிப்பேர் கிளாம்பும் போட்டுவைத்தோம். இந்த வேலை வந்திருக்காவிட்டால் அந்த இடம் என்றாவது ஒருநாள் தானாகவே பொத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் கிளையைப் பைப்பில் பொருத்துவது வெல்டிங்கிலா, கிளாம்பிலா என்ற கேள்வி. பி.எச்.இ.எல். இருக்கும் ஊர், வெல்டருக்குப் பஞ்சமே இல்லை. எங்களோடு வந்தவரும் கை தேர்ந்தவர். "சூடு காட்டி காய வச்சுட்டு இழுத்துடறேன் சார்" என்றார். அவர் கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பைப்தான் ஒத்துக்கொள்ளாது. இன்சுலேஷனை எடுத்ததுமே பைப் முழுக்க வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி முத்து முத்தாக நிற்கும். டார்ச் வைத்துச் சூடாக்கினாலும் உள்ளே ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும். ஈரத்தின் மேல் வெல்டு வைத்தால் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். அதோடு வெல்டு சட்டென்று குளிர்ந்து இறுகும்போது விரிசல் விடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு என்று அமெரிக்காவில் எழுதிய ஏ.பி.ஐ. 2201 என்ற வழிகாட்டி, ஓடும் பைப்பில் வெல்டு வைக்கக் குறைந்தது 4.8 மி.மீ. கனம் இருப்பது நல்லது என்கிறது. எங்கள் பைப்பில் இருந்தது 4.5. அதனால் சில்டு வாட்டர் லைன்களுக்கு வெல்டிங் வேண்டாம், பைப்பைச் சுற்றி வைத்து போல்ட் போட்டு இறுக்கும், கிளைக்கு வாய் உள்ள இரண்டு பாதி ஸ்பிளிட் டீ போதும் என்று முடிவு செய்தோம்.

அந்த டீயை ஆர்டர் போடும் நேரத்தில்தான் எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "6 இஞ்ச்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், எந்த 6 இஞ்ச்னு சொல்லுங்க." நியாயமான கேள்வி. ஐ.எஸ். 1239 பைப்பில் 150 மி.மீ. என்றால் வெளிவிட்டம் 165.1 மி.மீ. அமெரிக்க அளவு பைப் என்றால் 168.3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய விட்டத்துக்குச் செய்த கிளாம்பைச் சின்னப் பைப்பில் மாட்டினால் ரப்பர் சரியாக அழுந்தாது. அவர் டேப்பைப் பைப்பைச் சுற்றிப் போட்டு இழுத்தார், 519 மில்லிமீட்டர். 3.14ஆல் வகுத்தால் 165 வருகிறது. பெரிய பைப்பாக இருந்திருந்தால் சுற்றளவு 529 காட்டியிருக்கும். அந்த 165.1ஐ எழுத்தில் கொடுத்த பிறகுதான் டீ வந்தது.

வால்விலும் கவனம் தேவை. பிளான்ட் ரூமில் எங்கே பார்த்தாலும் பட்டர்ஃபிளை வால்வுதான். அதைப் போட்டால் நடுவில் நிற்கும் தகடு கட்டரை உள்ளே விடாது. திறந்தால் வழி முழுசாக விடும் ஃபுல் போர் பால் வால்வு அல்லது கேட் வால்வுதான் வேண்டும். கிளை 80 மி.மீ., கட்டர் 75. பைப்பின் அடியில் எடுத்தால் கசடு வந்து சேரும், மேலே எடுத்தால் காற்று ஏறும் என்பதால் பக்கவாட்டில் எடுத்தோம். அப்போது டீ, வால்வு, மெஷின் மூன்றின் பாரமும் ஒரு பக்கமாக இழுக்கும். அதைப் பைப் தாங்கட்டும் என்று விடாமல், கீழே ஸ்டாண்டு கொடுத்து, மேலே செயின் பிளாக்கில் பிடித்துக்கொண்டோம்.

துளை போடுகிற அன்று முதலில் சில்டு வாட்டர் ரிட்டர்னை, அதாவது தண்ணீர் பிளான்ட் ரூமுக்குத் திரும்பி வரும் லைனை எடுத்தோம். டீயின் போல்ட்களை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராக, இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக வரும்படி இறுக்கினோம். வால்வைத் திறந்து வைத்து, அதன் வாயை பிளைண்டால் அடைத்து, டீக்கும் பழைய பைப்புக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றி டெஸ்ட் எடுத்தோம். லைனில் இருந்த அழுத்தம் 4.5 கிலோ, டெஸ்ட் 6 கிலோ. இதில் ஆர்வம் மிகுந்து 10, 12 என்று ஏற்றக் கூடாது. அந்த அழுத்தம் பழைய பைப்பை வெளியிலிருந்து உள்ளே நெருக்கும். முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் பிளைண்டைக் கழற்றி மெஷினை மாட்டினோம். துளை போட்ட பிறகு கசிந்தால் என்ன செய்வது என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் இந்த டெஸ்ட்டைத் தவிர்க்கவே கூடாது.

இன்னொரு கணக்கு, கட்டர் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பது. பைப் வட்டமாக இருப்பதால் 75 மி.மீ. கட்டரின் பற்கள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொடாது. வளைவுக்கு மட்டும் 9 மி.மீ. போகும். கனம் 4.5 சேர்த்தால் 13.5. ஆக, முதல் பல் தொட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 14 மி.மீ. போனால் துண்டு முழுசாக அறுந்துவிடும். ஷாஃப்டில் அந்த அளவுக்கு பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டோம். கோடு இல்லாமல் வெறும் கை உணர்வை நம்பினால், அறுந்ததா இல்லையா என்ற சந்தேகத்திலேயே கட்டரை வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

நடுவிலிருக்கும் பைலட் ட்ரில்தான் முதலில் இறங்கும். அது பொத்துக்கொண்டது சத்தத்தில் தெரியவில்லை, மெஷினிலிருந்த கேஜில் தெரிந்தது. பூஜ்ஜியத்தில் நின்ற முள் சட்டென்று 4.5க்கு ஏறியது. ப்ளீடரைத் திறந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்த காற்றை எடுத்தோம். அப்புறம் கட்டர். முதலில் இரண்டு ஓரங்களில் மட்டும் கடித்துக்கொண்டு மெஷின் அதிர்ந்தது. அந்த இடத்தில் அவசரப்பட்டால் பல் உடையும், எனவே ஃபீடை மெதுவாகவே கொடுத்தார் ஆபரேட்டர். முழு வட்டமும் பிடித்ததும் சத்தம் ஒரே சீராக மாறியது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கைக்கு லேசாகிவிட்டது, ஆனாலும் கோடு வரை கொண்டுபோனார். பின்னுக்கு இழுத்து, வால்வை மூடி, ப்ளீடரைத் திறந்து அழுத்தம் போய்விட்டதா என்று பார்த்து, மெஷினைக் கழற்றினோம். பைலட்டில் இருக்கும் கம்பி பிடித்துக்கொண்டதால் அறுபட்ட துண்டும் கூடவே வந்தது. துண்டு உள்ளே விழுந்திருந்தால் அது பம்பைத் தேடிப் போயிருக்கும்.

அந்தத் துண்டைத் துடைத்துப் பார்த்தேன். உள்பக்கம் மெல்லிய கறுப்புப் படலம், அதற்குக் கீழே வழவழவென்று இரும்பு. ஓட்டைப் புள்ளி ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் தண்ணீரில் மருந்து கலந்து, மாதா மாதம் சோதித்துவந்த ஆட்களின் உழைப்பு அதில் தெரிந்தது. பைப்பைத் தின்றது உள்ளே இருந்த தண்ணீர் இல்லை, வெளியே இருந்த ஈரம்தான்.

சுடுதண்ணீர் லைனில் கதை வேறு. அது 100 மி.மீ. ஹெவி கிளாஸ், கனம் 5.1 கிடைத்தது, 60 டிகிரி பைப் வேர்க்கவும் இல்லை. அங்கே வெல்டிங்கே செய்தோம். ஹாட் வொர்க் பர்மிட் எடுத்து, இரண்டு பக்கமும் இன்சுலேஷனை நன்றாகத் தள்ளிப் பிரித்து, ஃபயர் பிளாங்கெட் போர்த்தி, தீயணைப்பானோடு ஒருவரை நிறுத்தினோம். ஓவனில் காயவைத்த 7018 வெல்டிங் ராடு, அதிலும் 2.5 மி.மீ. சின்ன ராடுதான். பைப்பில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பைப்போடு வெல்டு செய்யும் கிளை வாயான வெல்டோலெட் 40 மி.மீ. அளவில் வைத்து, ஆறவிட்டு, டை பெனட்ரன்ட் அடித்து விரிசல் பார்த்து, அதே மாதிரி டெஸ்ட் எடுத்துத் துளை போட்டோம். வெல்டர் அண்ணனுக்கு அதில் ஒரு நிறைவு.

புது லைனைத் திறக்கும் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துளை போட்டாயிற்று, வால்வைத் திறந்துவிட்டால் தானாக நிரம்பிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். காலிப் பைப்பைத் திடீரென்று சேர்த்தால் ஓடும் சிஸ்டத்தின் அழுத்தம் விழும், அதிலிருக்கும் காற்று மெயின் லைனுக்குள் போய்ப் பம்ப் திணறும். நாங்கள் புதுக் கிளையை முன்கூட்டியே ஃபிளஷ் செய்து, அதே மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, காற்றெல்லாம் எடுத்துவிட்டு, கேஜில் ஏறக்குறைய சமமான அழுத்தம் வைத்த பிறகுதான் வால்வை மெல்லத் திறந்தோம். கன்ட்ரோல் ரூமில் டிரெண்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "எப்ப ண்ணா திறக்கப்போறீங்க?" என்று போனில் கேட்டபோது திறந்து முடித்திருந்தோம்.

கட்டர் சீவிய இரும்புத்தூளில் கொஞ்சம் ஓட்டத்தோடு போகத்தான் செய்யும். ரிட்டர்னில் போட்ட துளையின் தூள் பம்பின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னருக்கு வரும், சப்ளையில் போட்டது ஏ.எச்.யு.க்களின் ஒய் ஸ்ட்ரெய்னருக்குப் போகும். ஒவ்வொன்றாக ஐசொலேட் செய்து கழுவினோம். கடைசியில் இன்சுலேஷன். டீயின் போல்ட் தலைகளும் ஃபிளாஞ்ச்களும் கோணல்மாணலாக இருப்பதால் அங்கே நைட்ரைல் ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் பசை தடவி ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆட்கள் கிளம்பும் நேரம் அது. நான் டார்ச் வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்த பிறகுதான் தகடு மூடவிட்டேன். அந்த 3.2 மில்லிமீட்டர் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு மாதிரி செய்ய மனசு வரவில்லை.

தகட்டின் மேல் பைப்பின் வெளிவிட்டம், அளந்த கனம், தேதி மூன்றையும் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே இன்னொரு ஹால் கட்டும் பேச்சு இருக்கிறது என்றார்கள். அதற்காக எல்லாப் புதுக் கிளைகளின் கடைசியிலும் ஒரு வால்வும் அதற்கு வெளியே பிளைண்டு ஃபிளாஞ்சும் போட்டுவிட்டோம். அந்த ஹால் வரும்போது ஸ்பேனர் மட்டும் போதும்.